பக்திமான் லூயியின் இரண்டு பரிகாரங்கள்

833ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இன்றைய பிரான்சின் வடபகுதியிலுள்ள சுவாசோன் நகரத்துப் புனித மெடார் மடாலயத்தில், ஐம்பத்தைந்து வயதான ஒரு சக்கரவர்த்தி மயிர்த்துணி விரிப்பின்மேல் விழுந்து கிடந்து, ஆயர்கள் எழுதிக் கொடுத்த குற்றப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தன் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதான். பட்டியல் பீடத்தின்மேல் வைக்கப்பட்டது. அதன்பின் இடையிலிருந்த வாட்கச்சையை அவிழ்த்து அதையும் பீடத்தில் ஒப்படைத்தான். உலகியல் உடையைக் களைந்தான். ஆயர்கள் அவனுக்குத் தவக்கோலத்தை அணிவித்தார்கள். இப்படிப் பகிரங்கமாகப் பரிகாரம் ஏற்றவன் மறுபடியும் ஆயுதம் தரிக்கக் கூடாது என்பது திருச்சபையின் பழைய விதி. ஆயுதம் தரிக்க முடியாதவன், அன்று மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பிராங்கியருக்கு அரசனாக இருக்க முடியாது. அவனுடைய மூத்த மகன் லொத்தாருக்கு வேண்டியிருந்ததும் அதுவே: தந்தையைக் கொல்லவும் கூடாது, கண்ணைப் பிடுங்கவும் கூடாது, ஆனால் அவன் திரும்பவும் அரியணையில் ஏற வழியும் இருக்கக் கூடாது.

இந்த அரசனின் பெயர் லூயி. சார்லமேனின் மகன், தந்தைக்குப் பின் 814 முதல் 840 வரை, பார்சலோனாவிலிருந்து எல்பே ஆறு வரையும் வடகடலிலிருந்து மத்திய இத்தாலி வரையும் பரந்து கிடந்த பேரரசை ஆண்டவன். பிற்காலத்தார் அவனைப் 'பக்திமான்' என்று அழைத்தார்கள். அந்த அடைமொழியில் மரியாதையோடு கொஞ்சம் இளக்காரமும் கலந்திருக்கிறது. பெரிய தகப்பனுக்குப் பிறந்த பலவீனமான பிள்ளை, செபமாலையை உருட்டத் தெரிந்தவனுக்கு வாளைச் சுழற்றத் தெரியவில்லை என்பதே அவனைப் பற்றி நெடுங்காலம் நிலவிய தீர்ப்பு. மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஒன்பதாம் நூற்றாண்டுப் பிராங்கியரைப் பற்றி எழுத உனக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்கும் நண்பர்களும், கேள்விக்குப் பின்னால் அந்தத் தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு அது ஏற்புடையதாகத் தெரியவில்லை. சுவாசோனில் அவனுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்ட அந்தச் சடங்கை, பதினோரு ஆண்டுகளுக்கு முன்னர் அத்திஞி என்ற இடத்தில், அதிகாரத்தின் உச்சியில் இருந்தபோது, எவரும் வற்புறுத்தாமல் தானாகவே செய்து காட்டியவன் இதே லூயிதான். அங்கே அது அவனுடைய பலமாக இருந்தது. அரசன் ஆயர்கள் முன்னிலையில் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம் என்ற முன்னுதாரணத்தை அவனே ஏற்படுத்தினான்; பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டார்கள். இடையில் நடந்தது, ஒரு தந்தை அவசரப்பட்டு எழுதிய சொத்துப் பங்கீட்டின் கதை.

லூயி பிறந்தது 778இல், புவாத்தியே நகருக்கு அருகிலுள்ள சசனய் என்ற அரச மாளிகையில். தாய் ஹில்டகார்ட் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றாள். மற்றவனுக்கு லொத்தார் என்று பெயரிட்டார்கள், அவன் குழந்தையாகவே இறந்துவிட்டான். தந்தை அந்த ஆண்டு ஸ்பெயினில் போர் நடத்திக்கொண்டிருந்தான். திரும்பி வரும் வழியில் பிரெனீஸ் மலைக் கணவாயில் அவனுடைய பின்படை முழுவதும் வெட்டி வீழ்த்தப்பட்டது அந்த ஓகஸ்டில்தான். லூயி, லொத்தார் என்ற இரண்டு பெயர்களும் குளோவிஸ், குளொத்தார் என்ற மெரோவிங்கிய அரசர்களின் பெயர்கள். 751இல் சார்லமேனின் தந்தை பிப்பின் அரியணையிலிருந்து இறக்கி, தலைமயிரை மழித்து, மடத்துக்கு அனுப்பியது அந்த வம்சத்தின் கடைசி அரசனைத்தான். பறித்த குடும்பம், பறிகொடுத்த குடும்பத்தின் பெயர்களைத் தன் பிள்ளைகளுக்குச் சூட்டிக்கொண்டது.

781இல், மூன்று வயதுகூட நிறையாத பிள்ளையை உரோமைக்குக் கொண்டுபோய், பாப்பரசர் அதிரியானின் கையால் அபிஷேகம் செய்வித்து, இன்றைய பிரான்சின் தென்மேற்கிலிருந்த அக்கித்தேன் நாட்டுக்கு அரசனாக்கினான் சார்லமேன். அங்கிருந்து ஒர்லியான் நகர் வரை அவனைத் தொட்டிலில் தூக்கி வந்தார்களாம். ஒர்லியானில் அவனுடைய வயதுக்கு ஏற்ற சின்ன ஆயுதங்களை உடலில் கட்டி, குதிரைமேல் ஏற்றி, நாட்டுக்குள் அழைத்துப் போனார்களாம். இதை எழுதி வைத்தவர் பெயர் தெரியாத ஒரு சரிதக்காரர்; வான்பொருள்களைப் பற்றி அறிவுடையவர் என்பதால் 'வானியலர்' என்றே அவரை அழைக்கிறார்கள். ஏழு வயதில் பாடர்போர்ன் நகரத்துக்குத் தந்தை அழைத்தபோது மகன் பிரெனீஸ் மலைப்பக்கத்து வாஸ்கோனியரின் உடையில், வட்டமான மேலங்கியும் அகன்ற கைச்சட்டையும் அணிந்து வந்து நின்றான் என்பதும் அவர் தரும் செய்தியே. தெற்கத்தியரின் பிள்ளையாக வளரட்டும் என்பது தந்தையின் விருப்பம்.

அந்த முப்பத்து மூன்று ஆண்டுகால அக்கித்தேன் ஆட்சியைப் பெரும்பாலானோர் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். பலவீனன் என்ற தீர்ப்புக்கு அது இடையூறாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். 801இல் நீண்ட முற்றுகைக்குப் பின் பார்சலோனா வீழ்ந்தது அவனுடைய படைக்குத்தான். குளிர்காலத்தைக் கழிக்க நான்கு மாளிகைகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே தங்குவதென்று முறை வைத்தான். அரசனும் பரிவாரமும் தின்று தீர்க்கும் தானியத்தை ஒரே ஊர் வருடாவருடம் கொடுக்க வேண்டியிராதபடிக்கு. படைக்காகக் குடிமக்களிடம் தீவனம் பறிப்பதையும் நிறுத்தினான். வயலும் அறுவடையும் தெரிந்த ஊரில் பிறந்த எனக்கு, அவனைப் பற்றி எழுதப்பட்ட செய்திகளில் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்.

இனிப் பங்கீட்டுக்கு வருவோம். பிராங்கியரிடையே அரசு என்பது குடும்பச் சொத்து. தந்தை இறந்தால் ஆண்பிள்ளைகள் அதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அவர்களுடைய பழைய சாலிக் சட்டம், முன்னோர் நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்று சொல்கிறது. எங்கள் பக்கத்து வழக்கம் இதற்கு நேர்மாறானது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடு வளவும் வயற்காணியும் அவள் பெயருக்குப் போய்விடும். பெற்றோர் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். மகன் மனைவியின் வீட்டுக்குப் போவான். "ஆம்பிளப் புள்ளைக்கு வீடு எதுக்கு மனே, அவன் போற இடத்தில வீடு இருக்குமே" என்பது எங்கள் வீட்டுக் கிழவிகள் சொல்லி நான் கேட்டு வளர்ந்த நியாயம். சார்லமேன் இதைக் கேட்டிருந்தால் திகைத்திருப்பான்; அவன் தன் பெண்மக்களுக்குச் சீதனம் கொடுப்பது ஒருபுறமிருக்க, உயிரோடிருந்தவரை எவருக்கும் முறைப்படி மணமே செய்து கொடுக்கவில்லை. மருமக்கள் என்று ஒரு கூட்டம் அரசில் பங்கு கேட்டு வருவதை அவன் விரும்பவில்லை என்று கருத இடமிருக்கிறது.

806இல் சார்லமேனும் தன் அரசை சார்ள்ஸ், பிப்பின், லூயி என்ற மூன்று ஆண்மக்களுக்கும் பங்கிட்டு எழுதியிருந்தான். அந்தப் பங்கீடு நடைமுறைக்கு வரவில்லை. இத்தாலியை ஆண்ட பிப்பின் 810இலும், மூத்தவன் சார்ள்ஸ் 811இலும் இறந்துபோனார்கள். எஞ்சியவன் லூயி ஒருவனே. சார்லமேனின் பேரரசு உடையாமல் கைமாறியதற்குக் காரணம் அவனுடைய ஆட்சித்திறன் அல்ல. இரண்டு பிள்ளைகளை அவன் உயிரோடிருக்கும்போதே பறிகொடுத்தது. லூயிக்கு அந்தக் கொடிய அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அவனுடைய பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள். தந்தையையும் மகனையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

813 செப்டெம்பரில் ஆகன் நகரத்துப் பேராலயத்தில் சார்லமேன் மகனைச் சக்கரவர்த்தியாக்கினான். 814 ஜனவரி 28ஆம் திகதி இறந்தான். லூயி ஆகனுக்கு வந்து சேர்ந்ததும் செய்த முதல் காரியங்களுள் ஒன்று, மாளிகையில் மணமின்றித் துணைவர்களோடு வாழ்ந்த தன் சகோதரிகளை வெளியேற்றியது. இதில் ஒழுக்கமும் இருந்தது, அரசியலும் இருந்தது. அந்தப் பெண்களைச் சுற்றித் தந்தையின் காலத்துப் பெரிய மனிதர்களின் வட்டம் ஒன்று இருந்தது. அச்சகோதரிகளுள் ஒருத்தியான பேர்த்தாவின் மகன் நிதார்ட் என்பவனே பிற்காலத்தில் இந்தக் குடும்பச் சண்டைகளை எழுதி வைத்தான்.

மடங்கள் எல்லாவற்றையும் புனித பெனடிக்டின் ஒரே ஒழுங்கின்கீழ்க் கொண்டுவந்த 816, 817ஆம் ஆண்டுகளின் சீர்திருத்தம் லூயியின் நீடித்த சாதனை. அனியான் பெனடிக்ட் என்ற துறவி அதில் அவனுக்கு வலக்கை. அதை விரித்தால் கதை வேறு பக்கம் போய்விடும். 817ஆம் ஆண்டின் பெரிய வியாழனன்று, வழிபாடு முடிந்து ஆலயத்திலிருந்து மாளிகைக்குத் திரும்பும்போது, உளுத்துப்போன மரத் தாழ்வாரம் உடைந்து விழுந்து சக்கரவர்த்தியும் உடன் வந்த இருபதுக்கும் மேற்பட்டோரும் நிலத்தில் விழுந்தார்கள். லூயி சிறிய காயங்களோடு தப்பினான். அதே ஆண்டு ஜூலையில், மூன்று நாள் உபவாசத்துக்கும் செபத்துக்கும் பிறகு, பேரரசின் ஒழுங்கு என்ற ஆவணம் வெளியிடப்பட்டது. அந்த விழுகை அவனைத் துரிதப்படுத்தியிருக்க வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். முப்பத்தொன்பது வயதில் எதற்கு இந்த அவசரம்?

அந்த ஆவணம் பிராங்கிய வழக்கத்திலிருந்து துணிந்து விலகியது. பிள்ளைகள்மேல் கொண்ட அன்பினால், கடவுள் கொடுத்த பேரரசின் ஒருமையை மனிதர் பிரித்துவிடக் கூடாது என்று அது சொன்னது. மூத்தவன் லொத்தார் உடனே இணைச் சக்கரவர்த்தியானான். இரண்டாமவன் பிப்பினுக்கு அக்கித்தேன், மூன்றாமவனான இளைய லூயிக்கு பவேரியா. இருவரும் ஆண்டுதோறும் காணிக்கையோடு அண்ணனிடம் வரவேண்டும், அவனுடைய ஆலோசனையின்றி மணமோ போரோ செய்யக் கூடாது. பங்கு மேலும் துண்டாகாதபடி, ஒரு தம்பி இறந்தால் அவனுடைய பிள்ளைகளுள் ஒருவனை மட்டும் மக்கள் தெரிய வேண்டும். எல்லாரும் சத்தியம் செய்தார்கள். சமமாகப் பங்கிட்டுப் பழகிய ஒரு சமூகத்தில், மூத்தவனுக்கு அரசு, மற்றவர்களுக்கு அடங்கிய சிற்றரசு என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை எண்ணினால், இதை எழுதியவனைப் பலவீனன் என்று சொல்ல வாய் வராது.

முதல் அடி இத்தாலியிலிருந்து விழுந்தது. இறந்த அண்ணன் பிப்பினின் மகன் பேர்னார்ட் அங்கே அரசனாக இருந்தான். ஆவணம் இத்தாலியை லொத்தாருக்குக் கீழ்ப்படுத்தியதே தவிர, அவனுடைய பெயரைச் சொல்லவில்லை. அவன் கிளர்ந்தான், ஆனால் படை கரைந்துபோக, சலோன் நகரில் தானே வந்து சரணடைந்தான். மரண தண்டனை விதிக்கப்பட்டு, சக்கரவர்த்தியின் இரக்கத்தால் கண்களைப் பறிக்கும் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 818 ஏப்ரலில் அது நிறைவேற்றப்பட்டு இரண்டு நாட்களில் அவன் இறந்துபோனான். அதே காலத்தில் தந்தைக்கு வேறு பெண்களிடம் பிறந்த தம்பியரான ட்ரோகோ, ஹியூ, தியோடோரிக் ஆகிய மூவரையும் லூயி தலைமழித்து மடங்களுக்கு அனுப்பினான். தந்தையின் சிற்றப்பன் வழி உறவினரான அதல்ஹார்ட், வாலா என்ற இரு மூத்தோரும் ஏற்கெனவே அரசவையை விட்டு அகற்றப்பட்டிருந்தார்கள். அந்த ஒக்டோபரில் மனைவி எர்மன்கார்டும் இறந்தாள்.

822 ஓகஸ்டில், எயின் ஆற்றங்கரையிலுள்ள அத்திஞி மாளிகையில் பேரவை கூடியபோது, லூயி எல்லார் முன்னிலையிலும் எழுந்து, பேர்னார்டுக்கும் தன் தம்பியருக்கும் அதல்ஹார்டுக்கும் வாலாவுக்கும் இழைத்த தீங்கை அறிக்கையிட்டுப் பரிகாரம் ஏற்றான். உயிரோடிருந்தவர்களோடு ஒப்புரவானான், ஏழைகளுக்குத் தாராளமாகத் தருமம் கொடுத்தான். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரத்து ஆயர் அம்புரோசுவின் முன் பணிந்த உரோமைச் சக்கரவர்த்தி தியோடோசியுவின் வழியைப் பின்பற்றினான் என்று வானியலர் பாராட்டுகிறார். ஆயர்களும் அதே கூட்டத்தில் தங்கள் கடமையில் தவறியதை ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: அரசன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறுமைப்படவில்லை, ஒப்புக்கொள்வதில் எல்லாருக்கும் முன்னின்றான். ட்ரோகோ அடுத்த ஆண்டே மெட்ஸ் நகரின் ஆயரானான். சாகும்வரை அண்ணனைக் கைவிடாத உறவு அவன். தலைமழித்து விரட்டப்பட்டவனை இவ்வளவு விசுவாசமுள்ளவனாக்கிய ஒரு செயலை, வெறும் பக்தியின் பலவீனம் என்று தள்ளிவிட முடியுமா?

அதற்கிடையில், 819இல், வெல்ஃப் என்ற பிரபுவின் மகள் யூதித்தை லூயி மணந்திருந்தான். 823 ஜூன் 13ஆம் திகதி, பிராங்பேர்ட்டில், அவர்களுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. தாத்தாவின் பெயரையே வைத்து அவனை சார்ள்ஸ் என்று அழைத்தார்கள்.

நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதி, வீடும் வயலும் மூத்த மூன்று மகள்மாருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கடைக்குட்டிப் பெண் பிறந்தால் எங்கள் ஊரில் ஒரு தகப்பன் என்ன நிலைக்கு ஆளாவானோ, அதே நிலைக்கு லூயியும் ஆளானான். அவன் எழுதிய உறுதியோ சாதாரணமானதல்ல. உபவாசமிருந்து, கடவுளின் சித்தம் என்று அறிவித்து, நாடே சத்தியம் செய்த ஆவணம். அதைத் தொட்டால் சத்தியத்தை மீறியவன் ஆவான். தொடாவிட்டால் அவனுடைய கடைசிப் பிள்ளை, தான் தன் தம்பியரை அனுப்பியதைப் போலவே, தலைமழிக்கப்பட்டு மடத்துக்குப் போக நேரலாம். பிள்ளையின் ஞானத் தந்தையாக லொத்தாரையே நிறுத்தி, தந்தை கொடுக்க விரும்பும் பங்கை ஏற்றுக்கொண்டு தம்பியைக் காப்பேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கியதாக நிதார்ட் எழுதுகிறான். நல்ல ஏற்பாடுதான். ஆனால் லொத்தாரின் மாமனாரான ஹியூ என்ற பிரபு அதை விரும்பவில்லை. 827இல் ஸ்பானிய எல்லையில் கிளர்ச்சி எழுந்தபோது, உதவிப் படையோடு போன ஹியூவும் மத்பிரிட் என்ற பிரபுவும் வேண்டுமென்றே தாமதித்தார்கள் என்று 828இல் பதவிகளை இழந்த பிறகு, அவர்களிடம் பகையைத் தவிர வேறொன்றும் எஞ்சவில்லை.

829 ஓகஸ்டில் வோர்ம்ஸ் நகரில் லூயி தயக்கத்தை விட்டான். அலமானியா, அல்சாஸ், ரேத்தியா, பர்கண்டியின் ஒரு பகுதி ஆகியவை ஆறு வயதான சார்ள்சுக்கு ஒதுக்கப்பட்டன. லொத்தார் இத்தாலிக்கு அனுப்பப்பட்டான். அரச ஆவணங்களிலிருந்து அவனுடைய பெயர் மறைந்தது. செப்டிமேனியாவின் பிரபு பேர்னார்ட் அரண்மனைக் கருவூல அதிகாரியானான். இவன் கண் பறிக்கப்பட்டு இறந்த பேர்னார்ட் அல்லன். யூதித்துக்கும் இவனுக்கும் தகாத உறவு என்ற வதந்தி உடனே கிளம்பியது. அரசனைத் தாக்கத் துணியாதவர்கள் அவனுடைய மனைவியின் ஒழுக்கத்தைத் தாக்கினார்கள். இதற்கு எந்த நாட்டிலும் ஆவணம் தேவைப்பட்டதில்லை. 830 தவக்காலத்தில், பிரித்தானி மீது படையெடுக்க ஆட்களைக் கூட்டிய வேளையில், படையே கிளர்ந்தது; ஆட்சி லொத்தாரின் கைக்குப் போயிற்று. யூதித்தைப் புவாத்தியேயிலுள்ள திருச்சிலுவைக் கன்னியர் மடத்தில் அடைத்தார்கள். லூயி பொறுத்திருந்தான், குந்த்பால்ட் என்ற துறவியை இரகசியமாக அனுப்பி, பிப்பினுக்கும் இளைய லூயிக்கும் அதிக பங்கு தருவதாகச் சொல்லி அவர்களை அண்ணனிடமிருந்து பிரித்தான், அந்த ஒக்டோபரில் நைமேகன் பேரவையில் ஆட்சி மீண்டும் அவன் கைக்கு வந்தது. யூதித் திரும்பி வந்து, ஆகனில் சத்தியம் செய்து தன் குற்றமின்மையை நிலைநாட்டினாள். தந்திரம் பலித்தது, ஆனால் பங்கு என்பது பேரம் பேசிப் பெறக்கூடிய பொருள் என்பதைப் பிள்ளைகள் மூவரும் அறிந்துகொண்டார்கள்.

833 ஜூனில் மூவரும் ஒன்றாக வந்தார்கள். கொல்மார் நகருக்கு அருகே, அல்சாஸ் சமவெளியில் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. லொத்தார் தன்னோடு பாப்பரசர் நான்காம் கிரகோரியையும் அழைத்து வந்திருந்தான். சமாதானம் பேச வந்தேன் என்றார் பாப்பரசர். எங்களைச் சபையிலிருந்து விலக்க வந்தால் நீர்தான் விலக்கப்பட்டுப் போவீர் என்று அரசன் பக்கத்து ஆயர்கள் அவருக்கு எழுதினார்கள். பேச்சு நாட்கணக்கில் நீண்டது. அந்த நாட்களில், வெகுமதியாலும் வாக்குறுதியாலும் மிரட்டலாலும், லூயியின் படை இரவோடிரவாக எதிர்முகாமுக்குக் கரைந்து போயிற்று. மிஞ்சி நின்ற சிலரிடம், "என் பிள்ளைகளிடம் போங்கள், என் பொருட்டு எவரும் உயிரையோ உறுப்பையோ இழப்பதை நான் விரும்பவில்லை" என்று அவன் சொன்னதாகத் தேகான் என்ற மற்றொரு சரிதக்காரர் எழுதுகிறார். ஒரு வாள்கூட உருவப்படவில்லை. அந்த இடத்துக்குப் பொய்களின் களம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. யூதித் இத்தாலியின் தொர்த்தோனாவுக்கும், பத்து வயதான சார்ள்ஸ் புரூம் மடத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். லூயி சுவாசோனுக்குக் கொண்டுபோகப்பட்டான்.

கொம்பியேன் நகரில் கூடிய ஆயர்கள் தொகுத்த குற்றப்பட்டியலில் பேர்னார்டின் மரணம் முதல் வரிசையில் இருந்தது; தவக்காலத்தில் படை கூட்டியது இருந்தது; பங்கீட்டைத் திரும்பத் திரும்ப மாற்றிச் சத்தியங்களைச் சிதைத்தது இருந்தது. கடைசிக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு என்று நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் பேர்னார்டின் மரணத்துக்கு அவன் அத்திஞியில் ஏற்கெனவே பரிகாரம் செய்துவிட்டான். ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை தண்டிப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை என்று வானியலரும் ஆத்திரப்படுகிறார். தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதையே அவனுக்கு எதிரான சாட்சியமாக எடுத்துவந்தார்கள்.

அந்த ஆயர்களுக்குத் தலைமை தாங்கியவர் ரெய்ம்ஸ் நகரத்துப் பேராயர் ஏபோ. அவர் அடிமைக் குடும்பத்தில் பிறந்து, லூயியோடு ஒன்றாக வளர்ந்து, அவனாலேயே விடுதலை பெற்று, அவனாலேயே பேராயராக உயர்ந்தவர். சக்கரவர்த்தி உன்னைச் சுதந்திரனாக்க முடிந்ததே தவிர உயர்குலத்தவனாக்க முடியவில்லை, அது நடவாத காரியம் என்று தேகான் அவரைத் தாக்குகிறார். அந்த வசையில் தெறிக்கும் குலத்திமிர் எனக்கு உவப்பானதாக இல்லை. ஏபோவின் நன்றிகேட்டைச் சொல்ல அவருடைய பிறப்பை இழுக்க வேண்டியதில்லை. உயர்குலத்தார் அத்தனை பேரும் அந்தக் களத்தில் என்ன செய்தார்கள் என்பதைத் தேகானே எழுதியிருக்கிறார்.

சுவாசோன் சடங்கு திட்டமிட்ட பலனைத் தரவில்லை. தவக்கோலத்தில் இருந்தவனைத் துறவியாகும்படி எவ்வளவோ வற்புறுத்தினார்கள். சுயவிருப்பத்தோடு முடிவெடுக்கும் நிலையில் நான் இல்லை என்று சொல்லி லூயி மறுத்துவிட்டான். அவனை ஆகனுக்கும் பின்னர் சென் டெனி மடத்துக்கும் லொத்தார் இழுத்துத் திரிந்ததைக் கண்ட மக்களிடம் இரக்கம் பெருகியது. அண்ணன் தங்களுக்கும் எசமானாகிவிடுவான் என்று பிப்பினும் இளைய லூயியும் அஞ்சினார்கள். அவர்களுடைய படைகள் நெருங்கியதும் லொத்தார் தந்தையை விட்டுவிட்டுத் தெற்கே வியேன் நகருக்கு ஓடினான். அருகிலிருந்தவர்கள் லூயியை உடனே அரச உடை தரிக்கச் சொன்னார்கள். அவன் இணங்கவில்லை. ஆயர்கள் கழற்றியதை ஆயர்களே அணிவிக்க வேண்டும் என்று காத்திருந்து, 834 மார்ச் 1ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, சென் டெனி ஆலயத்தில் அவர்கள் கையாலேயே ஆயுதத்தை ஏற்றான். இந்த ஓர் இடத்தில் அவன் யார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. சடங்கின் விதியை எதிரிகள் திரித்தார்கள் என்பதற்காக அந்த விதியை அவன் மீறவில்லை. அதற்குள்ளேயே நின்று அதைத் தனக்குச் சாதகமாகத் திருப்பினான். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் மெட்ஸ் நகரத்துப் புனித ஸ்தேவான் ஆலயத்தில் ஏழு பேராயர்கள் ஒப்புரவு செபங்களைப் பாட, முடி மறுபடியும் அவன் தலையில் வைக்கப்பட்டது. ஏபோ பிரசங்க மேடையில் ஏறி, நடந்தது அநீதி என்று அறிவித்தார். பின்னர் தன் தகுதியின்மையை எழுதிக் கொடுத்துப் பதவி விலகினார். ஏறத்தாழ பதினேழு மாதங்களுக்கு முன்பு அரசன் கையில் இருந்தது போன்ற ஒரு பத்திரம் இப்போது பேராயர் கையில் இருந்தது.

மிச்ச ஆண்டுகள் பங்கீட்டுக் கணக்கிலேயே கழிந்தன. 837இல் வானில் ஒரு வால்வெள்ளி தோன்றியது. ஹேலியின் வால்வெள்ளி என்று இன்று நாம் அழைப்பது அதுவே. லூயி வானியலரை அழைத்து விளக்கம் கேட்டான். அவர் முழுவதையும் சொல்லத் தயங்க, அரசர் மாற்றத்தையும் அரசனின் சாவையும் அது குறிக்கும் என்று தானே சொன்னான். இரவு முழுவதும் செபத்தில் விழித்திருந்து, விடிந்ததும் தருமம் கொடுத்து, அதன்பின் ஆர்டென் காட்டுக்கு வேட்டைக்குப் போனான். வேட்டையும் அன்று வழமையைவிட நன்றாக அமைந்ததாம். 838இல் பிப்பின் இறந்தபோது, 817 ஆவணத்தின்படி அவனுடைய மகனுக்குப் போக வேண்டிய அக்கித்தேனை சார்ள்சுக்குக் கொடுத்தான். அது மறுபடியும் ஒரு கிளர்ச்சியைக் கிளப்பியது. அடுத்த ஆண்டு பவேரியா நீங்கலான பேரரசை லொத்தாருக்கும் சார்ள்சுக்கும் இரண்டாகப் பிரித்தான். இளைய லூயி படையோடு எழுந்தான். அவனை அடக்கித் திரும்பும் வழியில், 840 மே 5ஆம் திகதி நேர்ந்த சூரிய கிரகணத்துக்குப் பின் உடல்நிலை மேலும் மோசமாகி, இங்கல்ஹைம் மாளிகைக்கு எதிரே ரைன் ஆற்றுத் தீவொன்றில், ஜூன் 20ஆம் திகதி, ட்ரோகோவின் அருகில் இறந்தான். முடியையும் வாளையும் லொத்தாருக்கு அனுப்பும்படி சொல்லியிருந்தான். இளைய லூயியை மன்னிக்கும்படி ட்ரோகோ கேட்டபோது, மன்னித்தேன், ஆனால் தகப்பனின் நரைமயிரைத் துயரத்தோடு கல்லறைக்கு இறக்கியவன் அவன் என்பதை அவனிடம் சொல்லுங்கள் என்றானாம். மெட்ஸ் நகரத்துப் புனித ஆர்னுல்ப் ஆலயத்தில், தாய் ஹில்டகார்டின் அருகே அடக்கம் செய்தார்கள்.

ஓராண்டு கழித்து, 841 ஜூன் 25ஆம் திகதி, பொந்தனே என்ற இடத்தில் சகோதரர்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டார்கள். தந்தையின் காலத்துச் சண்டைகளில் சிந்தாத அளவு இரத்தம் அங்கே சிந்தியது. 842 பெப்ரவரியில் ஸ்திராஸ்பூர்கில் இளைய லூயியும் சார்ள்சும் அண்ணனுக்கு எதிராகச் சத்தியம் செய்தார்கள். 843 ஓகஸ்டில் வெர்டன் நகர உடன்படிக்கை மேற்கை சார்ள்சுக்கும், கிழக்கை இளைய லூயிக்கும், வடகடலிலிருந்து இத்தாலி வரை நீண்ட நடுப்பகுதியையும் சக்கரவர்த்திப் பட்டத்தையும் லொத்தாருக்கும் கொடுத்தது. ஒருமையைக் காப்பதாகச் சொல்லி இரண்டு தடவை தந்தையை இறக்கிய லொத்தார், 855இல் நோயுற்றபோது, தன் பங்கைத் தன்னுடைய மூன்று ஆண்மக்களுக்கும் பழைய பிராங்கிய வழக்கப்படி மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, புரூம் மடத்தில் துறவுடை தரித்து, சில நாட்களில் அங்கேயே இறந்தான். பத்து வயதுத் தம்பியை அவன் அடைத்து வைத்ததும் அந்த மடத்தில்தான்.